முன்னறைக் கதவு

சுரங்கம் வெட்டும் இயந்திரத்துக்குப் பெயர் வைத்த நாளில் மழை பெய்ததா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. எங்கள் சபையில் பாதிப் பேர் தூறல் இருந்தது என்கிறார்கள். போதகரின் மனைவி மட்டும், வெயிலில் நின்று நின்று தனக்குத் தலைவலி வந்ததாகச் சொல்கிறாள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் பின்னால் நடந்தவை வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கின்றன. நிலத்தடியில் நடந்ததை அங்கே வேலை பார்த்த லஃபா சொல்லிக் கேட்டேன். எங்கள் சபைக்காரன் ஃபெலெத்தியின் மனதில் ஓடியதை, அவன் எப்போதோ கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது சொன்ன சில வார்த்தைகளிலிருந்தும், அந்த வார்த்தைகளுக்கு நடுவே அவன் இருந்த நீண்ட மௌனங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். எங்கேயாவது பிசகியிருக்கலாம். ஒன்று மட்டும் பிசகவில்லை. பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது ஃபெலெத்தி தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். கூட்டம் கலைந்த பிறகும் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பெயர் வைக்காமல் எந்த இயந்திரத்தையும் மண்ணுக்குள் இறக்கமாட்டார்கள். பெயரில்லாமல் இறங்கினால் ஆளைக் காவு வாங்கும் என்பார்கள். தெற்கு ஆக்லாந்தில், தீவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் தெருக்களுக்கு அடியில் மழைநீர்ச் சுரங்கம் வெட்ட முடிவானபோது, பெயர் சொல்லும் உரிமையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளைகள் அவர்கள். மலைப் பெயர், நட்சத்திரப் பெயர் என்று ஆளுக்கொன்று எழுதிப் போட்டார்கள். ஃபெலெத்தியின் அக்கா மகள் சியாலே, இறந்துபோன தன் அம்மா பெயரை எழுதிப் போட்டாள். அந்த வகுப்பில் யாருக்கும் அதற்கு எதிராக ஓட்டுப் போட மனம் வரவில்லை.

லூபே. எங்கள் பேச்சில் அதற்குப் புறா என்று பொருள்.

மூன்று மாடிக் கட்டடத்தைப் படுக்கவைத்த நீளம் கொண்ட அந்த இரும்பு உருளையின் பக்கவாட்டில், வெள்ளை எழுத்தில், ஆள் உயரத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. போதகர் ஜெபம் செய்தார். ஃபெலெத்தி சுரங்கச் சுவருக்குக் கான்கிரீட் வளையம் பொருத்தும் குழுவில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சியாலே கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவனிடம் வந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அம்மாவின் தோள்களும் யாருடையது என்று தெரியாத பிடிவாதமும் அவளிடம் இருந்தன.

"எப்படி மாமா இருக்கு பேரு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? என் அம்மா பேரு. எனக்கில்லாத உரிமையா?"

எங்களில் அக்கா பிள்ளை என்றால் தாய்மாமனுக்கு மேலே. அவள் கேட்டால் அவன் சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

"அதுக்கில்ல சியாலே. கீழ வேலை பாக்குறவனுங்க வாய் நல்லா இருக்காது."

"அம்மா வாய் மட்டும் ரொம்ப நல்ல வாயா? உனக்கு எங்க தெரியப்போகுது. நீ வந்தாலே அவ பேச்ச நிறுத்திடுவா."

ஃபெலெத்தி தரையைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கிச் சுழற்றிப் பார்த்தாள்.

"இது எங்க வெளிய வரும்?"

"நம்ம தெருக் கடைசியில. ஓடைக்குப் பக்கத்துல பெரிய குழி தோண்டுவாங்க. அங்க சுவத்த உடைச்சுக்கிட்டு வரும்."

"ஓடைகிட்டயா?"

"ஆமா."

"அப்ப நான் வந்து பாப்பேன். அம்மா வெளிய வர்றத நான் பாக்கணும். நீ கூட்டிட்டு வா மாமா. மண்ணுக்குள்ள விட்டுட்டு நீ மட்டும் வந்துடாத."

"வரேன்" என்றான். "கூட்டிட்டு வரேன்."

சுரங்க விஷயத்தில் அவன் கொடுத்த ஒரே வாக்கு அதுதான். அதற்காகத்தான் பின்னால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

*

எங்களில் அக்கா தங்கைக்கும் அண்ணன் தம்பிக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அவள் படுக்கும் பாயில் அவன் உட்காரமாட்டான். அவள் இருக்கும் இடத்தில் அசிங்கமாகப் பேசமாட்டான், பேசுகிறவர்கள் நடுவே நிற்கவும் மாட்டான். வயது வந்த பிறகு அவள் உறங்கும் அறைக்குள் காலடி வைக்கமாட்டான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கக் கற்றுக்கொள்வதுபோல வந்துவிடுகிறது.

பிள்ளைகள் வீடிழந்த அந்தக் கோடைகால வெள்ளத்தில் ஓடை தெருவுக்குள் ஏறியபோது பட்டப்பகல். லூபே முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டின் தாழ்ந்த பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தை மறித்துக் கட்டிய அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபெலெத்தி அப்போது மரக்கடையில் வேலையில் இருந்தான். முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து வீட்டுக்குள் நுழைந்தான். அவள் அறைக் கதவைத் தட்டினான்.

"அக்கா... உள்ள இருக்கியா?"

தகரக் கூரையில் மழை. கீழே தண்ணீரின் இரைச்சல். வாசலில் அவள் கார் இல்லை. கதவின் கைப்பிடியில் அவன் கை இருந்தது. அதன் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருப்பதாகச் சொன்னான். மறுபடியும் கூப்பிட்டான். பதில் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தான். முன்பக்கத்திலிருந்து அப்பா தொமாசி கத்தினார். அவருக்கு நடை வராது. அவரை முதுகில் சுமந்துகொண்டு மேட்டிலிருந்த சபை மண்டபத்துக்கு நடந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், அக்காவைப் பாத்தீங்களா என்று கேட்டான். அவள் கார் மேலே போவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவனுக்கு மூச்சு வந்தது.

கார் மண்டபத்துக்கு வந்தது. பெரியப்பா மகன் ஓட்டிக்கொண்டு வந்தான். பள்ளியிலிருந்து சியாலேயைக் கூட்டி வருவதற்காக எடுத்துப் போயிருந்தான். காரிலிருந்து இறங்கியவுடன் சியாலே கேட்டாள்: "அம்மா எங்க?"

அந்த அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கைப்பிடியைத் திருப்பினால் திறந்திருக்கும்.

இறுதிச் சடங்கிலும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்தவள் அக்கா என்றால் தம்பி தாழ்ந்தவன். கிழிந்த தாழைப் பாயை மார்புவரை சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மண்ணடுப்பில் கல் சுட வைத்து, சேப்பங்கிழங்கு வேகவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் உணவு அனுப்பிக்கொண்டிருந்தான். உள்ளே அத்தைமார் அவளைக் குளிப்பாட்டினார்கள், எண்ணெய் பூசினார்கள், பாடினார்கள். பாட்டு மட்டும் அவனுக்குக் கேட்டது.

எல்லாரும் அவனைத் தேற்றினார்கள். அந்த வெள்ளத்துலயும் மரியாதை தவறலடா நீ, என்றார் ஒரு பெரியவர். கண்ணில் நீரோடுதான் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. அப்பா அடிக்கடி சொல்வார்: "நீ செஞ்சது சரிதான். கதவு சாத்தியிருந்துச்சு. தட்டின. கூப்பிட்ட. வேற என்ன செய்வான் ஒரு தம்பி?" ஒவ்வொரு முறையும் ஃபெலெத்தி தலையாட்டுவான். வீட்டில் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவன் தட்டில் கிழங்கு வைப்பாள், துணி மடிப்பாள், பள்ளிக்குப் போவாள். அவள் வாய் திறக்கும் நாளுக்காக அவன் காத்திருந்தான். அந்த நாளை நினைத்துப் பயந்தும் இருந்தான்.

*

இயந்திரம் துறைமுகப் பக்கமிருந்து கிளம்பி, மேட்டை நோக்கி, ஓடையைத் தேடி நகர்ந்தது. முன்னால் வெட்டும் சக்கரம் சுழலும். வெட்டிய மண் பட்டையில் ஏறிப் பின்னால் போகும். ஒரு ஆள் நீளம் முன்னேறியதும் நின்றுகொள்ளும். வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாக இரும்புக் கை தூக்கிக் கொடுக்க, ஃபெலெத்தியும் லஃபாவும் சுற்றிலும் பொருத்தி முடுக்குவார்கள். ஒரு வளையம் முடிந்ததும் அந்த வளையத்தின் மேலேயே காலை ஊன்றி இயந்திரம் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளும். நாள் முழுக்க இதுதான்.

லஃபா பக்கத்துத் தீவான சமோவாக்காரன், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவன்தான் ஃபெலெத்தியை இந்த வேலையில் சேர்த்துவிட்டவன். மேஸ்திரி கீரன், அயர்லாந்துக்காரன், அறுபதை நெருங்கியவன். பல நாடுகளின் அடியில் வேலை பார்த்தவன். சூரியன் சுட்டால் உடம்பு சிவந்துபோகும் என்பதற்காகவே மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்வான்.

இயந்திரத்தை எல்லாரும் அவள் என்றுதான் சொன்னார்கள். எல்லாச் சுரங்கத்திலும் அப்படித்தான்.

"லூபேவுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்பான் கீரன், அழுத்தம் காட்டும் முள்ளைத் தட்டிக்கொண்டே. "நேத்து ஷிப்டுல எவனோ அவளச் சரியா கவனிக்கல."

"உங்க மூஞ்சியக் காலங்காத்தால பாத்தா எவளுக்கு மனசு வரும்?" என்பான் ஒருவன்.

"எண்ணெய் போட்டுத் தடவிவிடுங்கடா. எந்தப் பொம்பளைக்கும் கொஞ்சம் தடவிக்கொடுத்தாத்தான் நகரத் தோணும்."

சிரிப்பு எழும். ஃபெலெத்தி கையிலிருந்த முடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக நடப்பான். பேச்சு காதில் விழாத தூரத்தில், சின்ன ரயில் வந்து நிற்கும் இடத்தில், சுவரைப் பார்த்து நிற்பான். சிரிப்பு அடங்கியதும் திரும்பி வருவான். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள்.

"என்னடா ஃபெலெத்தி, சாமியார் மடத்துலேர்ந்தா வந்த?" என்றான் கீரன். "ஒரு மெஷினப் பத்திப் பேசினாக் கூச்சமா?"

ஃபெலெத்தி குனிந்து ஒரு போல்ட்டை முடுக்கினான்.

"பாத்தியா, மூஞ்சி எப்படிச் சிவக்குது. லூபே மேல இவனுக்கு ஒரு கண்ணு."

லஃபா கையிலிருந்த போல்ட்டைத் தட்டென்று வைத்தான். ஃபெலெத்தி அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். வேண்டாம்.

சாப்பாட்டு வேளையில் லஃபா அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் சொல்லிடறேன். ஒரே வார்த்தை. வாய மூடிக்குவானுங்க."

"வேணாம்."

"ஏன்டா? எனக்கே காது கூசுது. எங்களுக்கும் அக்கா தங்கச்சி இருக்கு."

"சொன்னா அவளப் பத்திப் பேசுவானுங்க. எப்படிச் செத்தா, எங்க செத்தான்னு கேப்பானுங்க. நான் இங்க நின்னு அதுக்குப் பதில் சொல்லணும்." சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "இப்ப பேசறது மெஷினப் பத்தி" என்றான்.

"அப்ப மேல கிரேனுக்கு மாத்திக் கேளு. வெயில்ல நிம்மதியா நிக்கலாம்."

"ஓடைவரைக்கும் நான் இருக்கணும்."

மாதங்கள் போயின. அந்தப் பேச்சுக்கு அவன் பழகவில்லை. ஆனால் வேறொன்றுக்குப் பழகியிருந்தான். அது அவனுக்கே தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அப்பா சொல்லமாட்டார், சியாலே சொல்லமாட்டாள். சபையில் தணிந்த குரலில் சொல்வார்கள். இங்கே மட்டும், நிலத்துக்கடியில், அழுக்கு முகத்தோடு ஆட்கள் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். லூபே எங்க இருக்கா? லூபே எப்படிப் போறா? லூபே பசியா இருக்கா, மண்ண அள்ளி அள்ளித் திங்கறா. அவள் எங்கேயோ இருந்துகொண்டிருப்பதுபோல, போய்க்கொண்டிருப்பதுபோல.

*

ஓடைக்கு மிக அருகில் வந்துவிட்டபோது இயந்திரம் நின்றது.

எங்கள் ஊர் எரிமலைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கே மண் மெத்தென்று இருக்கும், எங்கே பழைய எரிமலைக் குழம்பு இறுகிக் கல்லாகக் கிடக்கும் என்று துளைபோட்டுப் பார்த்துத்தான் பாதை வகுத்திருந்தார்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே அந்தக் கல் படுத்திருந்தது. வெட்டும் சக்கரத்தின் ஒரு பக்கம் கல்லிலும் மறுபக்கம் சேற்றிலும் மாட்டியது. உருளையின் வெளி ஓடு கோணிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னால் இழுக்கவும் வழியில்லை. பின்னால்தான் வளையங்கள் இறுக்கி நிற்கின்றனவே.

வாரக்கணக்கில் முயன்றார்கள். ஓடைப்பக்கத்துக் குழி ஏற்கனவே தயாராக இருந்தது. அங்கிருந்து காது வைத்துக் கேட்டால் இயந்திரத்தின் முனகல் கேட்கும் என்றார்கள். சியாலே பள்ளி விட்டதும் வேலிக்கு வெளியே வந்து நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

கடைசியில் மேலே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். ஓடைப்பக்கமிருந்து கல்லை உடைத்துக்கொண்டு எதிரே வருவது. இயந்திரத்தின் உள்ளே இருப்பவற்றையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவது. வெளி ஓடு மட்டும் அப்படியே மண்ணுக்குள் இருக்க விட்டு, உட்பக்கம் கான்கிரீட் பூசிச் சுரங்கத்தோடு சேர்த்துவிடுவது.

"வேற வழியில்ல" என்றான் கீரன். "நான் பாத்த மெஷின்ல பாதி இன்னும் மண்ணுக்குள்ளதான் கெடக்கு. விட்டுட்டு வரவேண்டியதுதான்."

ஃபெலெத்தி கேட்டான்: "வெளிய வராதா?"

"ஓடு வராது."

"பேரு எழுதியிருக்கே. அந்தப் பக்கம்?"

"அதுதான்டா ஓடு" என்றான் கீரன், ஒன்றும் புரியாமல்.

வெட்டும் சக்கரத்துக்கும் ஆட்கள் நிற்கும் பகுதிக்கும் நடுவே கனத்த இரும்புத் தடுப்பு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது முன்னறை. வெட்டிய மண் வந்து விழும் இடம். உள்ளே போக, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வட்டக் கதவு. எரிவாயு வைத்து இரும்பை வெட்டுகிறவர்கள் வருவதற்குமுன் முன்னறையில் படிந்த களிமண்ணைச் சுரண்டிக் கழுவ வேண்டும். கீரன் அந்த வேலையை ஃபெலெத்தியிடம் கொடுத்தான். அன்றைக்குக் கையில் வேலை இல்லாமல் இருந்தவன் அவன். வேறு காரணமில்லை.

ஃபெலெத்தி கதவு முன்னால் நின்றான். கைப்பிடியில் கை வைத்தான். அப்படியே நின்றான்.

பின்னால் ஆட்கள் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "என்னடா, உள்ள போகமாட்டியா?" என்று கேட்டான் ஒருவன். கீரன் திரும்பினான். "கதவ முறைச்சா அது தானா திறக்குமா? திருப்புடா."

ஃபெலெத்தி கையுறையைக் கழற்றினான். விரல் முட்டியால் இரும்பைத் தட்டினான்.

சிரிப்பு வெடித்தது. "ஐயா தட்டுறாரு பாருங்கடா. லூபே துணி மாத்திக்கிட்டு இருக்காளாம்." கீரன்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான்.

ஃபெலெத்தி விலகிப் போகவில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்தான். எங்கள் பேச்சில் கேட்டான்:

"அக்கா... உள்ள இருக்கியா?"

அந்த வார்த்தைகள் அங்கிருந்த மற்றவர்களுக்குப் புரியவில்லை. குரல் புரிந்தது. ஒருவன் கையிலிருந்த குழாய் தரையில் உரசிக்கொண்டே போய் நின்றது. லஃபா முடுக்கியைக் கீழே வைத்தான். கீரனிடம் போய், தணிந்த குரலில், சில வார்த்தைகள் சொன்னான். அது யாருடைய பெயர், ஓடைக்கு அருகே எந்த வீடு, எந்தக் கதவு. அவ்வளவுதான்.

கீரனின் முகம் தொங்கிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றினான். அவன் பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

ஃபெலெத்தி இதையெல்லாம் பார்க்கவில்லை. கைப்பிடியைத் திருப்பினான். கதவு திறந்தது. குனிந்து உள்ளே போனான்.

உள்ளே ஒன்றுமில்லை. இருட்டு, களிமண், கல்லிடுக்கிலிருந்து சொட்டும் தண்ணீர். கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு ஈரத்தில் உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் என்று லஃபாவுக்கும் தெரியாது. யாரும் கூப்பிடவில்லை. பிறகு சுரண்டும் சத்தம் கேட்டது. கீரன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய், கதவு வழியாக முனையை மட்டும் உள்ளே நீட்டினான். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

கழுவ வேண்டியது வெட்டுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் அளவுக்குத்தான். ஃபெலெத்தி எல்லாவற்றையும் கழுவினான். மூலை, விளிம்பு, சக்கரத்தின் பின்புறம், பற்களின் இடுக்கு. கையால் தேய்த்துத் தேய்த்து, இரும்பு இரும்பின் நிறத்துக்கு வரும்வரை. மறுநாள் துண்டு துண்டாக வெட்டப் போகிற இரும்பு அது. ஷிப்டு மாறியது. அடுத்த ஆட்கள் வந்தார்கள். கீரன் அவர்களைக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைத்தான்.

வெளியே வந்தபோது கீரன் கேட்டான்: "ஏன்டா சொல்லல? இத்தனை மாசமா?"

ஃபெலெத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஏணி ஏறினான்.

அதன்பிறகு சுரங்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மெஷின் என்றார்கள், ஓடு என்றார்கள். மரியாதைக்காகத்தான். ஃபெலெத்தி வேலையை நிறுத்திவிட்டுச் சிலசமயம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான் என்று லஃபா சொன்னான். எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

*

சியாலேயிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். சேம்பிலையில் பொதிந்து வெந்த கறியை அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா தொமாசி மேசையின் தலைப்பக்கம் இருந்தார்.

"மெஷின் வெளிய வராது சியாலே."

அவள் நிமிரவில்லை. "எப்ப வரும்?"

"வராது. கல்லுல மாட்டிக்கிச்சு. இரும்பு ஓடு அங்கயே கெடக்கட்டும்னு விட்டுடறாங்க."

அவள் விரல்கள் இலையில் நின்றன.

"உள்ள விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள். "மறுபடியுமா?"

தொமாசி மேசையைத் தட்டினார். "சியாலே, வாய அடக்கு. மாமன்கிட்டப் பேசற பேச்சா இது?"

"விடுங்க அப்பா" என்றான் ஃபெலெத்தி. "அவளுக்கு உரிமை இருக்கு."

பக்கத்து வீட்டில் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கறியின் ஆவி அடங்கியது.

"அங்க ஒரு கதவு இருக்குன்னு லஃபா மாமா சொன்னாரு" என்றாள். "திறந்தியா?"

"திறந்தேன்."

"உள்ள போனியா?"

"போனேன்."

"அன்னைக்கும் திறந்திருக்கணும் மாமா." குரல் உயரவில்லை. "அது சும்மா ஒரு கதவு. பலகைக் கதவு. நீ திறந்திருக்கணும்."

"அவன் மரியாதை..." என்று தொமாசி தொடங்கினார்.

"ஆமா" என்றான் ஃபெலெத்தி. "திறந்திருக்கணும்."

தொமாசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் மகள் இறந்த நாளிலிருந்து ஒரு வாக்கியத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர். அன்றைக்கு அதை அவர் காலடியிலிருந்து உருவிவிட்டார்கள். சியாலே எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்தே கிடந்தது. ஃபெலெத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

தண்ணீர் விடுவதற்குமுன் ஒருநாள் ஊர்க்காரர்களைச் சுரங்கத்துக்குள் நடக்க விட்டார்கள். குழந்தைகள் கத்திக் கத்தி எதிரொலி கேட்டார்கள். ஃபெலெத்தி கூப்பிடவில்லை, ஆனாலும் சியாலே அவனோடு வந்தாள். ஓடைக்கு அருகில் ஓரிடத்தில் அவன் நின்றான். மற்ற இடத்தைப் போலவே அங்கேயும் வழவழப்பான கான்கிரீட்தான். வளையங்களின் கோடு மட்டும் அங்கே இல்லை.

"இங்கயா?"

"இதுக்குப் பின்னாடி."

அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். ஆட்கள் அவர்களைக் கடந்து போனார்கள்.

"நீ வர்றப்ப அம்மா என்ன சொல்லுவா தெரியுமா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "'கோயில் தூண் வந்துருச்சு, எல்லாரும் சிரிப்ப முழுங்குங்க'ன்னுவா. நீ உள்ள வந்து உக்காந்ததும் நாங்க எல்லாம் உதட்டக் கடிச்சுக்கிட்டு இருப்போம். நீ போனப்புறம் வயிறு வலிக்கச் சிரிப்போம்."

ஃபெலெத்திக்கு அது தெரியாது. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"தூணா?" என்றான்.

"தூண்."

சியாலே சுவரிலிருந்து கையை எடுத்து, ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வெளிச்சம் தெரிந்த பக்கம் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

*

அடுத்த கோடையில் பெருமழை வந்தது. ஓடை கரையைத் தொட்டுவிட்டு இறங்கியது. தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. சுரங்கம் எல்லாவற்றையும் வாங்கித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது.

தொமாசி அதற்கு அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். கடைசிவரை அந்தக் கதவைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. கீரன் மெல்பர்னில் வேறொரு சுரங்கத்துக்குப் போனான். அங்கே இயந்திரத்தை அவள் என்று சொல்வதில்லை என்று லஃபாவுக்கு எழுதியிருந்தான். லஃபாவுக்கு முதுகு போய்விட்டது, இப்போது பஸ் ஓட்டுகிறான். ஓடைக்கரை வீட்டை இடித்துவிட்டார்கள், அங்கே புல் இருக்கிறது. சியாலே படிக்கத் தெற்கே டனீடின் நகரத்துக்குப் போனாள், அங்கேயே வேலையில் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், மாமனோடு அதிகம் பேசமாட்டாள். ஃபெலெத்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுரங்கத்தின் வாயில் இருக்கும் இரும்புக் கம்பிகளில் சிக்கும் கிளைகளையும் குப்பையையும் எடுக்கும் வேலையில் இருக்கிறான். லூபே மேட்டில், சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் பெயர் எழுதிய ஓடு நிலத்துக்கடியில் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாகப் போகிறது.